பள்ளிக்கூடச் சம்பளம்: தமிழ்நாட்டு ஊர்களில் தனியார் தொடக்கக் கல்வி

தமிழ்நாட்டு ஊர்களில் தொடக்கக் கல்வி நெடுங்காலம் தனியார் கையில்தான் இருந்தது. பள்ளி நடத்துவது அரசாங்கத்தின் வேலை என்ற எண்ணத்துக்கு ஏறத்தாழ நூற்றைம்பது வயதுதான் ஆகிறது. அதற்கு முன்பு ஊருக்கு ஒரு வாத்தியார் இருந்தார். அவருக்கு யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை இருந்தது. பிள்ளையைப் பெற்றவர்கள் சம்பளம் கொடுத்தார்கள். பிறகு மிஷன் பணம் வந்தது, சாதிச் சங்கப் பணம் வந்தது, சர்க்கார் மானியம் வந்தது, கடைசியில் மறுபடியும் பெற்றோர் பணமே வந்து நின்றது. பணம் கொடுப்பவர் மாறியபோதெல்லாம் யார் பிள்ளை உள்ளே வரலாம், என்ன படிக்கலாம், வாத்தியார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவையும் மாறின. ஊர்ப் பள்ளிகளின் வரலாற்றை இந்த வரவு செலவின் வழியே பார்த்தால் பல புதிர்கள் அவிழும்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டக் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். கணக்குகள் வந்து சேர்ந்தபின் 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் படித்தார்கள். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற கணக்கு. வீட்டிலேயே படித்தவர்களையும் சேர்த்தால், பள்ளி வயது ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு கல்வி பெற்றார் என்று மன்றோ மதிப்பிட்டார். இந்தப் பள்ளிகள் அனேகமாக எல்லாமே தனியார் பள்ளிகள். பெல்லாரிக் கலெக்டர் கேம்பெல் தம் மாவட்டத்தில் 533 பள்ளிகளையும் 6,641 மாணவர்களையும் எண்ணிவிட்டு, இவற்றில் ஒன்றுக்குக்கூட அரசின் உதவி இல்லை என்று வருத்தத்தோடு எழுதினார்.

காந்தியரான தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு அவற்றைப் பற்றி நிறைய வாதம் நடந்திருக்கிறது. வெள்ளையர் வருவதற்கு முன் எல்லோரும் படித்திருந்தார்கள் என்று சொல்லப் புறப்பட்டவர்கள் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. தமிழ் மாவட்டப் பள்ளிகளில் பிராமணரல்லாத பிள்ளைகளே பெரும்பான்மை என்பது உண்மை. அது பலருக்கு வியப்பாகவும் இருந்தது. ஆனால் 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணை ஏறும் வழியே இல்லை. திண்ணை ஒருவர் வீட்டின் முகப்பு. வீட்டுக்காரர் யாரைப் படியேற விடுவாரோ அவர் பிள்ளைதான் அங்கே மாணவன்.

திண்ணைப் பள்ளியின் நாள் விடியற்காலையில் தொடங்கியது. யார் முந்தி வருவது என்பதில் பிள்ளைகளுக்குள் போட்டி. கேம்பெல்லின் அறிக்கையில் ஒரு காட்சி இருக்கிறது: முதலில் வந்த பையன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும்; இரண்டாவதாக வந்தவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை என்று ஒரு சுழி; மூன்றாமவனுக்கு மெதுவாக ஒரு அடி, நான்காமவனுக்கு இரண்டு; அப்படியே ஏறிக்கொண்டு போகும். கடைசியாக வருபவன் பாட்டைச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டுத் திண்ணைகளிலும் இதே வழக்கம் சிறு சிறு வேறுபாடுகளோடு இருந்தது.

பாடம் மணலில் தொடங்கியது. விரலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிக் கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. பெரிய பிள்ளைகளில் ஒருவன் சட்டாம்பிள்ளை. அவன் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். வாத்தியார் இல்லாத நேரத்தில் பிரம்பும் அவன் கையில் இருக்கும். சென்னையில் ஆண் அனாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் உள்ளூர்ப் பள்ளியில் மணலெழுத்தைக் கண்டு அதைத் தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை அதனோடு சேர்த்து 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அங்கே அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் கற்பிக்க வழி தேடிக்கொண்டிருந்த நாட்டுக்கு அந்த முறை பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, பிறகு நிகண்டு, சதகம் என்று ஒரு பக்கம் மொழிப்பாடம் போகும். இன்னொரு பக்கம் எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாத்து என்று கணக்கு போகும். முந்திரி, மாகாணி, அரைக்கால் என்ற பின்னங்கள் உட்பட எல்லாம் மனப்பாடம். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இந்தப் பள்ளிகளின் நடைமுறையை நேரில் இருந்து படித்தவரின் பார்வையில் விவரிக்கிறது. படித்ததைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் யாரும் வர வேண்டியதில்லை. மாலையில் வீடு திரும்பும் பையனிடம் இத்தனை குழி நிலத்துக்கு எவ்வளவு நெல், இத்தனை பலம் சரக்குக்கு என்ன விலை என்று அப்பா கேட்பார். பதில் தடுமாறினால் வாத்தியாரிடம் விசாரணை. மாதச் சம்பளம் சில அணாக்கள், அறுவடைக்கு நெல், நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்து வீடு வீடாகப் பாடிவரக் கிடைக்கும் காணிக்கை. இவ்வளவும் சேர்ந்தாலும் வாத்தியாரின் வருமானம் மாதம் ஆறேழு ரூபாயைத் தாண்டுவது அரிது என்று மன்றோவே குறித்திருக்கிறார். பயனுள்ள கல்வி, உடனே தெரியும் பயன், கொடுப்பவரின் நேரடிக் கண்காணிப்பு, வறுமையில் வாடும் வாத்தியார் – திண்ணைப் பள்ளி இப்படித்தான் இருந்தது.

1854இல் வந்த உட் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரும் கொள்கையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே வேறொரு பணம் ஊர்களுக்குள் நுழைந்திருந்தது. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தொடங்கி, தஞ்சையில் சுவார்ட்ஸ், திருநெல்வேலியில் ரேனியஸ் என்று மிஷனரிகள் பள்ளிகளை நிறுவினார்கள். பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் எழுத்து கிடைத்த முதல் இடங்களில் இவை முக்கியமானவை. மத மாற்றம் அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று என்பதை அவர்கள் மறைக்கவில்லை. பிள்ளையை அனுப்பியவர்களும் அதை அறிந்தே அனுப்பினார்கள். தென்மாவட்டங்களில் இன்றும் டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளி, ஆர்.சி. தொடக்கப்பள்ளி என்ற பலகைகள் ஊருக்கு ஊர் தெரிகின்றன.

சாதிச் சங்கங்களும் பின்தங்கிவிடவில்லை. விருதுநகரில் நாடார் சமூகத்தினர் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமையாலும் வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் நடந்தது. வியாபாரி தன் சரக்கில் ஒரு பங்கை எடுத்து வைத்தார். வீட்டுப் பெண்கள் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. அடையாற்றில் 1894இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் பறையர் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். திண்ணையில் இடம் கிடைக்காதவர்களுக்குப் பள்ளிக் கதவு திறந்தது இப்படிப்பட்ட பொதுப் பணத்தால்தான். பெற்றோர் சம்பளத்தை மட்டும் நம்பிய பள்ளி, சம்பளம் கட்ட முடிந்தவர்களையும் அவர்கள் பக்கத்தில் உட்கார அனுமதித்தவர்களையும் தாண்டிப் போனதில்லை. இது இன்றைக்கும் நினைவில் வைக்கத்தக்கது.

சர்க்கார் மானியம் வந்தபோது நிபந்தனைகளும் கூடவே வந்தன. 1860களில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் ஊருக்கு வந்து பிள்ளைகளைத் தனித்தனியே சோதிப்பார். எத்தனை பேர் எந்தெந்தப் பாடத்தில் தேறினார்களோ அதற்கேற்ப வாத்தியாருக்குப் பணம். திண்ணை வாத்தியார்கள் பலர் இதற்குள் இழுக்கப்பட்டார்கள். அச்சிட்ட பாடப்புத்தகம், சிலேட்டு, வருகைப் பதிவேடு, வகுப்புப் பிரிவு எல்லாம் வந்தன. குழிமாத்தும் நெல்லிலக்கமும் தேர்வில் இல்லாதவை. ஆகவே மெல்ல மெல்ல மறைந்தன. தந்தை கேட்கும் கேள்விக்குப் பதிலாக இன்ஸ்பெக்டர் கேட்கும் கேள்விக்குப் பிள்ளை தயாரானான். ஒரு தலைமுறைக்குள் வாத்தியாரின் எசமான் மாறிவிட்டார். 1904இல் இந்திய அரசின் கல்வித் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. அதற்குள் உருப்போடும் பழக்கம் வேரூன்றிவிட்டது. அந்த வகையில் அது தன் வேலையை முடித்துவிட்டே போனது.

இதன் பிறகு உருவானதுதான் தமிழ்நாட்டு மக்கள் 'எய்டட் ஸ்கூல்' என்று சொல்லும் நிதியுதவித் தொடக்கப்பள்ளி. பல ஊர்களில் அது ஒரு குடும்பப் பள்ளி. படித்த ஒருவர் தம் நிலத்தில் கொட்டகை போட்டுப் பள்ளி தொடங்குவார். அவரே மேனேஜர், பல இடங்களில் அவரே தலைமையாசிரியர். உறவினர் உதவி ஆசிரியர். ஈராசிரியர் பள்ளி, ஓராசிரியர் பள்ளி என்று கிராமம்தோறும் இவை பெருகின. 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகளைப் பள்ளி நடத்தத் தூண்டியது. அப்படி வந்த போர்டு பள்ளிகள் பக்கத்துத் தெருவில் நடந்தபோதும் எய்டட் பள்ளிகள் அழியவில்லை. மானியம் மேனேஜர் கைவழியே ஆசிரியருக்குப் போன காலத்தில், கையெழுத்துப் போட்ட தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை வேறொன்று என்ற குறை ஆசிரியர்களிடம் இருந்தது. அவர்களுடைய சங்கங்கள் நீண்ட காலம் போராடியதில் இதுவும் ஒரு காரணம்.

காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்ததும், கிராமந்தோறும் பள்ளி என்ற இலக்கோடு கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தியதும் 1950களின் பிற்பகுதியில். ஊரார் மேசை, நாற்காலி, சீருடை, கட்டடம் என்று கொடுத்தார்கள். அரசுப் பள்ளி, எய்டட் பள்ளி என்ற வேறுபாடு மக்கள் மனத்தில் அப்போது பெரிதாக இல்லை. இரண்டிலும் சம்பளம் இல்லை, இரண்டிலும் ஒரே பாடம், இரண்டையும் ஒரே அதிகாரிதான் பார்வையிட்டார். தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1973இல் இயற்றப்பட்டது. ஆசிரியர் ஊதியம் முழுவதும் அரசுடையது, நியமனம் நிர்வாகத்துடையது என்ற ஏற்பாடு நிலைத்தது. இந்த ஏற்பாட்டின் கெடுபலனும் ஊரறிந்ததே: சம்பளம் அரசு கொடுக்கும், வேலை நிர்வாகம் கொடுக்கும் என்றால் அந்த வேலைக்கு ஒரு விலை ஏற்படத்தான் செய்யும்.

1991-92ஆம் கல்வியாண்டுக்குப் பிறகு தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று அரசு முடிவெடுத்தது. அதே காலத்தில், 1991இல், நர்சரி, பிரைமரிப் பள்ளிகளுக்கென்று தனி விதித்தொகுப்பு வந்தது. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மானியத்தின் வாசல் மூடிற்று. கட்டணத்தின் வாசல் திறந்தது. இனிமேல் ஊரில் ஒருவர் பள்ளி தொடங்க வேண்டுமானால் பெற்றோரிடம் வாங்கித்தான் நடத்த வேண்டும். பெற்றோர் கொடுக்க வேண்டுமானால் பக்கத்துப் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் இல்லாத ஒன்றைக் காட்ட வேண்டும். அந்த ஒன்று ஆங்கிலம்.

இப்படித்தான் ஊர்க் கான்வென்ட் பிறந்தது. பெரும்பாலும் கன்னியாஸ்திரீகள் யாரும் இல்லாத கான்வென்ட். ஓய்வு பெற்ற ஆசிரியர், பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத இளைஞர், ரைஸ் மில் முதலாளி, வீட்டு மாடியைச் சும்மா வைத்திருந்த குடும்பத்தினர் என்று தொடங்கியவர்கள் பலதரப்பட்டவர்கள். காலை எட்டரை மணிக்கு மஞ்சள் வேன் ஒவ்வொரு தெரு முனையிலும் நின்று எடுத்துக்கொண்டு வரும். டை, பெல்ட், கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை. அறைக்குள் ரைம்ஸ் ஒலிக்கும். டைரியில் அன்றைய ஹோம்வொர்க் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அதை வாசிக்கத் தெரியாத தாய், தெருவில் கல்லூரி படிக்கும் பெண்ணிடம் ட்யூஷனுக்கு அனுப்புவாள். கட்டணத்தோடு இந்தச் செலவும் சேரும். கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள். அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியே அவர்களுக்குக் கிடைக்கும். பல பள்ளிகளில் கோடை விடுமுறை மாதத்துக்கு அதுவும் கிடையாது. குறைந்த கட்டணத்தில் ஆங்கிலக் கல்வி என்ற விளம்பரத்தின் உண்மையான கணக்கு இங்கேதான் நேராகிறது. பெற்றோர் கொடுக்காத மிச்சத்தை அந்தப் பெண்கள் கொடுக்கிறார்கள்.

ஆனாலும் பெற்றோர் முட்டாள்கள் அல்லர். ஐந்து வகுப்புக்கும் ஓரிரு ஆசிரியர்களே இருந்த யூனியன் பள்ளியையும், வகுப்புக்கு ஒருவர் நிற்கும் நர்சரியையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றரை வயதுப் பிள்ளையை அரசுப் பள்ளி சேர்க்கவில்லை, நர்சரி சேர்த்துக்கொண்டது. எல்.கே.ஜி.யில் போன பிள்ளை ஒன்றாம் வகுப்பில் திரும்பி வராது என்பதை அரசு தாமதமாகவே உணர்ந்தது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளும், 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகள் 2,381இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டது அதனால்தான்.

பயிற்றுமொழிப் பிரச்சினை நீதிமன்றத்தில் முடிந்தது. ஐந்தாம் வகுப்புவரை தமிழ் அல்லது தாய்மொழி வழியில் கற்பிக்க வேண்டும் என்று 1999இல் அரசு ஆணையிட்டது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கர்நாடக வழக்கொன்றில் 2014இல் உச்ச நீதிமன்றமும் தொடக்கப் பள்ளிகள்மீது அரசு தாய்மொழி வழியைத் திணிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. தமிழை ஒரு பாடமாகவாவது படிக்கச் செய்யும் சட்டம் 2006இல் வந்தது. தமிழ்வழியிலேயே நடக்கும் தாய்த்தமிழ்ப் பள்ளிகள் சில ஊர்களில் ஆர்வலர்களின் நன்கொடையால் இயங்குகின்றன. கொள்கைக்காகப் பொதுப் பணம் திரட்டி நடத்தும் பழைய வழியின் தொடர்ச்சி அவை. எண்ணிக்கையில் மிகக் குறைவு.

பாதுகாப்பு குறித்த விதிகள் இரண்டு துயரங்களுக்குப் பிறகே இறுகின. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் நடந்த நிதியுதவிப் பள்ளியிலும் நர்சரியிலும் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்க இருந்தது குறுகிய படிக்கட்டு. அதற்குப் பிறகு கீற்றுக் கொட்டகை பள்ளிகளிலிருந்து அகற்றப்பட்டது. கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை அங்கீகாரத்துக்குக் கட்டாயமாயின. 2012இல் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள்; அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இந்தச் சான்றுகளைப் புதுப்பிக்க அலையும் அலைச்சலைச் சிறு பள்ளித் தாளாளர்கள் குறையாகச் சொல்கிறார்கள். அலைச்சலைக் குறைப்பது நியாயம். சான்றையே தளர்த்தக் கேட்பது கும்பகோணத்துக்குப் பிறகு எவர் வாயிலும் வரக்கூடாத பேச்சு.

2009ஆம் ஆண்டு இரண்டு சட்டங்களைத் தந்தது. மாநிலத்தின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பள்ளிக்குப் பள்ளி கட்டணம் நிர்ணயிக்க வழி செய்தது. மத்திய அரசின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளியின் நுழைவு நிலை வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு இலவசமாக ஒதுக்கச் சொன்னது. அந்தச் செலவை அரசு ஈடு செய்யும். விண்ணப்பம் கூடினால் குலுக்கல். 1991இல் மூடிய மானிய வாசல் இப்படிப் பின்புறமாகத் திறந்தது. ஆசிரியருக்குப் போன பணம் இப்போது குழந்தையின் பெயரில் போகிறது. மத்திய அரசு நிதியை நிறுத்தி வைத்ததால் 2025-26இல் இந்தச் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவில்லை. ஏழைப் பிள்ளையின் இடம் இரண்டு அரசுகளின் பிணக்கில் மாட்டிக்கொண்டது.

கொரோனா காலம் நர்சரிகளின் அடித்தளத்தைக் காட்டிக் கொடுத்தது. 2020 மார்ச்சில் பூட்டிய மழலையர் வகுப்புகள் 2022 பிப்ரவரியில்தான் திறந்தன. கட்டணம் நின்றது, ஆசிரியைகள் துணிக்கடைக்கும் நூறு நாள் வேலைக்கும் போனார்கள். ஏராளமான பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு மாறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் தனியார் பள்ளிக்குத் திரும்பினார்கள். ஒரு பகுதியினர் தங்கிவிட்டார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தங்கியதற்கு ஒரு காரணம். அந்த உணவு நிதியுதவிப் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளிலும், 2025 ஆகஸ்டில் நகரங்களிலும் வந்து சேர்ந்தது. எய்டட் பள்ளிகளுக்கு அது உயிர் கொடுத்தது. ஆகஸ்ட் முதல் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் அங்கே பணியிடம் கணக்கிடப்படுகிறது. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் உபரி. மே மாதத்தில் எய்டட் பள்ளி ஆசிரியைகள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளை கேட்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். அதே தெருவில் நர்சரியின் துண்டுப் பிரசுரமும் பறக்கும்.

இன்றைய நிலையில் ஒரு முரண் மிச்சம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். ஆனால் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. காசு கட்டாத அரசுப் பள்ளிப் பெற்றோருக்குக் குழுவில் நாற்காலி உண்டு; காசு கட்டும் நர்சரிப் பெற்றோருக்கு இல்லை. திண்ணை வாத்தியாரைக் கேள்வி கேட்ட தகப்பனின் இடத்தில் இன்றைய தகப்பனுக்கு உள்ள ஒரே வழி, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி தேடுவதுதான். கட்டண பாக்கியைக் காட்டி அந்த டி.சி.யையும் நிறுத்தி வைத்த பள்ளிகள் உண்டு. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிச் செய்யக்கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. தனியார் பள்ளிகளுக்கான 2018ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிகளைத் திருத்தும் வாய்ப்பு வரும்போது, சிறு நர்சரிகளிலும் பெற்றோர் குழுவைக் கட்டாயமாக்கி, ஆசிரியருக்குக் கொடுக்கப்படும் ஊதியத்தைக் கட்டண அட்டவணையோடு சேர்த்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். அரசுக்கு இதனால் செலவு ஏதுமில்லை.